மூசாங் என்கிற உர்சுலா

உர்சுலாவுக்கு முப்பத்தொன்பது வயது. அந்தத் தொழில்நுட்பக் கல்லூரியின் கணினி அறையில் பன்னிரண்டு வருடமாக ஆபரேட்டர் வேலை, பிரிண்ட்அவுட் கொடுக்கிற கவுண்டரும் அவள் பொறுப்புதான். மாணவர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் ‘கவுண்டர் கிழவி’. கிழவி என்று சொல்கிற வயதா அது? ஆனால் இருபது வயதுக்காரர்களின் கண்ணுக்கு நாற்பதும் எண்பதும் ஒன்றுதான். அதிலும், மாணவர் அட்டை இல்லாதவனுக்குப் பிரிண்ட்அவுட் தர முடியாது என்று ஒற்றைக் காலில் நிற்கிறவளிடம் அவர்களுக்கு என்ன பிரியம் வந்துவிடப் போகிறது?

அதே மாணவர்களில் சிலருக்கு அவள் உயிர்த்தோழன் என்பது அவர்களுக்கும் தெரியாது, கல்லூரிக்கும் தெரியாது.

நடந்தது இதுதான். சென்ற ஆகஸ்டில், அதாவது எண்பத்தேழில், பழைய மேலாளர் அவளைக் கூப்பிட்டார். எல்லாரும் சேர்ந்து பயன்படுத்துகிற யுனிக்ஸ் கணினி மதிய நேரத்தில் ஆமையாக ஊர்கிறது, ஏதோ விளையாட்டு ஓடுகிறதாம், உள்ளே போய்ப் பார் என்றார். சோதனைக்காக வைத்திருந்த ‘டெஸ்ட் 3’ என்கிற கணக்கில் உர்சுலா உள்ளே போனாள். படம் கிடையாது, சத்தம் கிடையாது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து மட்டும். நீ ஒரு காட்டில் நிற்கிறாய், உன் பெயர் என்ன என்று கேட்டது. ஏதோ தோன்றி, மரநாய்க்கு மலாயில் சொல்கிற ‘மூசாங்’ என்ற பெயரைத் தட்டினாள். உடனே இன்னொரு வரி வந்தது. கச்சாங், அதாவது கடலை, என்று பெயர் வைத்துக்கொண்ட ஒருவன், கல்லூரியின் வேறு ஏதோ அறையிலிருந்து ஆங்கில எழுத்தில் தமிழ் பேசினான்.

“புதுசாடா? வடக்க போகாத. முதலை இருக்கு.”

உர்சுலா அந்த வரியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆங் மோ கியோ வட்டாரத்தில் அண்ணன் சவரிராஜ் வீட்டில் அவளுக்கு ஓர் அறை உண்டு, ஒரு சாவி உண்டு. “கேஸ மூடிட்டியா”, “கதவப் பூட்டிட்டியா” என்று இரண்டு கேள்விகளும் உண்டு. ஜாக்கிரதை என்று அவளுக்காக ஒருவர் சொல்லிப் பல வருடம் ஆகியிருந்தது. சின்ன விளையாட்டுதான் சார், பெரிதாக ஒன்றும் இல்லை என்று மேலாளரிடம் சொல்லிவிட்டாள். அவர் கேட்டுக்கொண்டார். மறுநாள் மதியம் அவள் சாப்பாட்டு டப்பாவோடு திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். அதற்கடுத்த நாளும் உட்கார்ந்தாள்.

நான்கைந்து பேர் வருவார்கள். ‘தப்பாய்’ என்று பெயர் வைத்துக்கொண்ட ஒருவன் எப்போது பார்த்தாலும் குகைக்குள் வழி தெரியாமல் மாட்டிக்கொள்வான், மற்றவர்கள் போய் மீட்டு வர வேண்டும். ஆனால் உர்சுலா போனது கச்சாங்குக்காகத்தான். மூசாங் இரண்டாம் ஆண்டுப் பையன் என்றே அவன் நினைத்துக்கொண்டான், அவளும் திருத்தவில்லை. “சாப்ட்டியாடா?” என்று கேட்பான். டிராகனை அடித்துச் சேர்த்த பொக்கிஷத்தில் பாதியைக் கொடுப்பான். ஒரு நாள் விளையாட்டையெல்லாம் விட்டுவிட்டு, பக்கவாதத்தில் கிடக்கிற தன் வாப்பாவைப் பற்றிச் சொன்னான். தினமும் காலையில் அவரைத் தான்தான் குளிப்பாட்டுவதாகவும், அப்போது அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுவதாகவும் சொன்னான். “யார்கிட்டயும் சொன்னதில்லடா. ஒன்கிட்டதான்” என்றான். உர்சுலாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர்களுடைய கடை டன்லப் ஸ்திரீட்டில் இருப்பதாக அவன் சொல்லியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை ஓஃபிர் ரோட்டு மாதா கோயிலில் தமிழ்ப் பூசை முடிந்ததும், உர்சுலா அந்தத் தெரு வழியாக நடப்பாள். எந்தக் கடை என்று தேட மாட்டாள், சும்மா நடப்பாள். அவன் யார் என்று கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு நிமிஷம் போதும். ஆபரேட்டர் ஒரு கட்டளை தட்டினால் எந்தக் கணக்குக்கும் சொந்தக்காரர் பெயர் வந்துவிடும். ஆனால் அவள் தட்டவில்லை. தனக்குக் கிடைத்த ஒரே கூட்டாளியைச் சோதனை போடுவது அவளுக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, புது மேலாளர் மிஸ்டர் டே அவளைக் கூப்பிட்டார். நாளை மதியம் சரியாக இரண்டரைக்கு அந்த விளையாட்டில் யார் யார் இருக்கிறார்களோ அத்தனை பேரையும் பட்டியல் எடுக்க வேண்டும், அவர்களுடைய கணக்கெல்லாம் இந்தப் பருவம் முடியும் வரை மூடப்படும் என்றார். உர்சுலா சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தாள். கச்சாங் கடைசி வருடம். அவனுடைய புராஜெக்ட் முழுவதும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது, ஒப்படைக்க இன்னும் மூன்றே வாரம். கணக்கு போனால் படிப்பும் போயிற்று.

வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கே அவள் உள்ளே போனாள். “ஆபீஸ்ல ஒரு ஆள் சொன்னாரு, இன்னைக்கு ரெய்டு, எல்லாரும் ஓடிடுங்க” என்று தட்டினாள். தப்பாயும் மற்றவர்களும் விட்டால் போதும் என்று ஓடினார்கள். கச்சாங் மட்டும் இல்லை. வெள்ளிக்கிழமை அவன் ஜும்மா தொழுகைக்குப் போய்விட்டு இரண்டேகாலுக்கு மேல்தான் வருவான். இன்றைக்கு வராமல் இருந்தால் தேவலை என்று மாதாவை வேண்டிக்கொண்டாள்.

இரண்டு இருபதுக்கு வந்தான்.

“என்னடா, காடு காலியா கெடக்கு?”

“கச்சாங், ஒடனே வெளிய போ. ரெண்டரைக்கு லிஸ்ட் எடுக்கிறாங்க.”

“போன மாசமும் இப்படித்தான் எவனோ புளுகினான் லா. ஒக்காருடா.”

எவ்வளவு சொன்னாலும் அவனுக்குச் சிரிப்பாக இருந்தது. அவள் ஆபரேட்டருக்கு உள்ள அதிகாரத்தில் அவனுடைய இணைப்பையே வெட்டிவிட்டாள். ஒரு நிமிஷத்தில் திரும்பி வந்து, “லைன் கட்டாயிடுச்சுடா” என்றான். மணி இரண்டு இருபத்தைந்து. இனி அவனை நம்ப வைக்க ஒரே வழிதான் இருந்தது. அதைச் செய்தால் அவன் பிழைப்பான், ஆனால் மூசாங் என்று ஒருவன் இருக்க மாட்டான். உர்சுலா ஏழு மாதமாகத் தட்டாத கட்டளையைத் தட்டினாள். அஹமது கபீர் என்று பெயர் வந்தது.

அது அவளுக்குத் தெரிந்த பெயர். செவ்வாய்க்கிழமை அட்டையை வீட்டில் மறந்துவிட்டு வந்து, கவுண்டரில் கால் மணி நேரம் கெஞ்சிய ஒல்லிப் பையன். பெயரைக் குறித்துக்கொண்டு, அட்டையோடு வா என்று திருப்பி அனுப்பியிருந்தாள். அன்று மதியமே கச்சாங் மூசாங்கிடம் கவுண்டர் கிழவியைத் திட்டித் தீர்த்தான். அன்று அவள் திருப்பி அனுப்பியது ஏழெட்டுப் பேரை, அவர்களில் அவன் யார் என்று அவள் யோசிக்கவில்லை. அவளும் “விடுடா, அது அப்படித்தான்” என்று ஆறுதல் சொல்லியிருந்தாள்.

மடமடவென்று தட்டினாள். “கபீர், நான் சொல்றது நெசம். செவ்வாய்க்கிழமை ஒன்னத் திருப்பி அனுப்பினது நான்தான். லிஸ்ட் எடுக்கப் போறதும் நான்தான். தயவுசெஞ்சு போயிடு.”

கொஞ்ச நேரம் கழித்து, கச்சாங் காட்டை விட்டுப் போய்விட்டான் என்று ஒரு வரி வந்தது.

அவளும் வெளியே வந்திருக்கலாம். வரவில்லை. திரும்பி வந்து திட்டியாவது போவான் என்று அந்தக் காட்டிலேயே நின்றாள். இரண்டரை ஆனது. அவள் கையாலேயே பட்டியல் எடுத்தாள். ஒரே ஒரு வரி இருந்தது, டெஸ்ட் 3. அச்சாகி வந்த தாளைக் கிழித்தெடுத்து மேலாளர் மேசையில் வைத்துவிட்டுக் கவுண்டருக்கு வந்தாள்.

மூன்று மணிக்குக் கபீர் வந்தான். கேட்கும் முன்பே அட்டையை எடுத்து வைத்தான். அவள் அவனுடைய பிரிண்ட்அவுட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தாள்.

“நீங்கதானா ஆன்ட்டி?”

“ஆமா.”

“ஆகஸ்ட்லேந்தா?”

“ஆகஸ்ட்லேந்துதான்.”

அவன் குரலைத் தாழ்த்தினான். “வாப்பா விஷயமெல்லாம் சொன்னேனே. ஆபீஸ்ல யாருக்காச்சும் தெரியுமா?”

“யாருக்கும் தெரியாது, கபீர். நான் வேவு பாக்க வரல. ஒன்கூடப் பேசத்தான் வந்தேன். எனக்கு வேற கூட்டாளி கெடையாதுப்பா.”

பாவசங்கீர்த்தனத்தில்கூட அவள் சொல்லாத வாக்கியம் அது. சொன்னதும் வெட்கம் பிடுங்கித் தின்றது. கபீர் அவள் முகத்தை முதல்முறையாகப் பார்க்கிறவன் போலப் பார்த்தான். அவன் உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு அரும்ப ஆரம்பித்தது.

“அப்பறம் ஏன் செவ்வாய்க்கெழம அப்படி…”

“நீதான்னு தெரியாதே!”

அந்த நேரம் பார்த்தா மிஸ்டர் டே வர வேண்டும்? கையில் பட்டியலும் பழைய பதிவேடும். வரிசையில் நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி ஆங்கிலத்தில் பாராட்டினார். டெஸ்ட் 3 கணக்கு ஆகஸ்டிலிருந்தே உள்ளே இருந்திருக்கிறதே, முந்தைய மேலாளர் உன்னைத்தான் கண்காணிக்க அனுப்பினாராமே, ஏழு மாதம் கூடவே இருந்து பார்த்திருக்கிறாய், பிரமாதம் என்றார். இன்றைக்கு ஒருவரும் மாட்டாவிட்டால் பரவாயில்லை, இதுவரை யார் என்ன பேசினார்கள் என்று ஓர் அறிக்கை எழுதிக் கொடு என்றார்.

கபீரின் உதட்டில் அரும்பிய சிரிப்பு அப்படியே நின்றது. அவன் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை, இல்லை என்கிற ஒரே வார்த்தைக்காகக் காத்திருந்தான்.

உர்சுலா வாயைத் திறந்தாள். இல்லை என்றால் வேலை போகும். வேலை போனால் அண்ணி என்ன சொல்வாள், அந்த அறை அவளுடைய அறையாக இருக்குமா, நாற்பது வயதில் எவன் வேலை கொடுப்பான் என்று எல்லாம் ஒன்றாக வந்து முன்னால் நின்றது. எத்தனை நொடி ஆயிற்றோ தெரியாது. கபீர் பிரிண்ட்அவுட்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். “தேங்க் யூ, ஆன்ட்டி” என்றான். கண்ணாடிக் கதவு திறந்து மூடியது.

“இல்லை சார்” என்றாள் உர்சுலா. “நான் வேவு பார்க்கவில்லை. அவர்களோடு விளையாடினேன். இன்றைக்கு ஓடச் சொன்னதும் நான்தான்.”

மிஸ்டர் டேவுக்குக் காதில் சரியாக விழவில்லை போலிருக்கிறது. என்ன சொன்னாய் என்று கேட்டார். அவள் கதவையே பார்த்தபடி இன்னொரு தடவை சொன்னாள். இந்த முறை அறை முழுவதும் கேட்டது. வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கேட்க வேண்டியவன் அதற்குள் வாசல் படியிறங்கிப் போயிருந்தான்.