அந்தோனி சம்மாட்டியின் பாட்டு

எங்கள் ராக் இசைக்குழுவுக்கு 'உப்புக்காத்து' என்று பெயர். கீரிக் கிராமத்து றொசாந்தன் பாட்டெழுதி, கிட்டார் வாசித்துப் பாடுவான். நானாட்டான் பிரசாந்தன் ட்ரம்ஸ். மன்னார் பஜாரில் புடைவைக் கடைக்காரரின் மகனான முனவ்வர் நான், பேஸ் கிட்டாரோடு பேரம் பேசும் வேலையையும் பார்த்தேன். இரண்டாவதுதான் எனக்கு ஒழுங்காக வரும். சினிமாப் பாட்டைத் தொடமாட்டேன் என்பது றொசாந்தனின் பிடிவாதம். அதனால் கலியாண வீடுகள் எங்களைத் தொடவில்லை.

அவனுடைய பாட்டுகளில் ஒன்றே ஒன்று விலைபோகிற சரக்கு. மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒருத்தியை ஏற்றிக்கொண்டு, பிரேக் பிடிக்காமல் கீரிக் கடற்கரைக்குப் பறக்கிற பாட்டு. கேட்டால் கால் சும்மா நிற்காது. ஆனால் ஊர் அதை முதன்முதலில் கேட்டது ஒரு செத்தவீட்டில்.

மூன்று படகுகளின் சொந்தக்காரரான அந்தோனி சம்மாட்டி இறந்தபோது, ஊர்வலத்துக்குப் பேசிவைத்த பாண்ட் கோஷ்டி வராமல் விட்டுவிட்டது. அவருடைய மனைவி றெஜினாக்கா நாங்கள் ஒத்திகை பார்க்கிற கொட்டிலுக்கே வந்துவிட்டார்.

"தம்பியவை, அவரைச் சத்தமில்லாமக் கொண்டுபோறதே? எதையாவது மெல்லமா வாசியுங்கோ."

லாண்ட்மாஸ்டர் உழவு மெஷினின் பெட்டியில் ஜெனரேற்றரையும் ஸ்பீக்கரையும் ஏற்றினோம். சவப்பெட்டிக்கு முன்னால் லாண்ட்மாஸ்டர் நடைவேகத்தில்தான் போகும். றொசாந்தனின் பாட்டில் பறந்த மோட்டார் சைக்கிளும் அதோடு இறங்கி நடந்தது. சேமக்காலையில் குழி மூடும்வரை அழாத ஆளில்லை. பிரான்ஸிலும் கனடாவிலும் இருக்கிற பிள்ளைகளுக்காக அது முழுக்க முகநூலில் நேரலையாகப் போனது. அங்கேயும் அழுதார்கள்.

அதன் பிறகு சாவுக்குச் சாவு எங்களைக் கூப்பிட்டார்கள். நான் ஒன்றையும் விடவில்லை. கண்ணீர் அஞ்சலி வீடியோக்களிலெல்லாம் அந்தப் பாட்டு ஓடியது. றொசாந்தன் மட்டும் மெலிந்துகொண்டே வந்தான்.

"மச்சான், எத்தினை ஆயிரம் சனம் கேட்ட பாட்டு! ஒருத்தன்கூட ஆடேல்லையடா."

"ஆடினாப் பெட்டி விழுந்திடுமடா," என்றேன். அவன் சிரிக்கவில்லை.

போன ஆவணியில் கொழும்பிலிருந்து ஒரு கூட்டம் வந்து கீரியில் கடற்கரை விழா வைத்தது. சொந்தப் பாட்டுப் பாடுகிற குழுக்களுக்கு மட்டும்தான் இடம். பிடித்துப்போனால் கொழும்புக்குக் கூட்டிப்போய் ஆல்பம் போடுவார்களாம்.

"இண்டைக்கு என்ர பாட்டை என்ர வேகத்தில பாடுறன்," என்றான் றொசாந்தன். "ஒரே ஒரு ஆள் ஆடினாக் காணும். இல்லையெண்டா இனி நான் பாட்டெழுதமாட்டன்."

பிரசாந்தன் அடித்துத் தொடங்கினான். கிட்டார் பாய்ந்தது. சனம் எழும்பியது. எனக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. பிறகுதான் சரியாகப் பார்த்தேன். ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். பெண்கள் சிலுவை அடையாளம் போட்டார்கள். ஐஸ்பழக்காரர் தன் மணியைக் கையால் பொத்திக்கொண்டார். றொசாந்தன் இன்னும் விரட்டினான். ஒரு தலை அசையவில்லை.

றெஜினாக்கா மேடையடிக்கு வந்தார். கத்தியிருந்தாலாவது சமாளித்திருப்போம்.

"ராசா, அவரைக் கொண்டுபோன பாட்டெல்லே? ஏன் இப்பிடித் துரத்துறாய்? மெல்லமாப் பாடு அப்பன்."

றொசாந்தன் பிரசாந்தன் பக்கம் திரும்பிக் கையைத் தாழ்த்தினான். பாட்டு நடைவேகத்துக்கு வந்தது. கடற்கரை முழுக்க விம்மல்.

இறங்கியதும் கொழும்புக்காரர் ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டார். "நல்லாத்தான் இருந்திச்சு தம்பி. ஆனா இது சேர்ச்சுல பாடுற பழைய பாட்டு மெட்டுத்தானே? சொந்தப் பாட்டு மட்டும்னு சொன்னோமே."

அல்லாஹ் மேல் ஆணையிட்டேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டு அடுத்த குழுவைப் பார்க்கப் போனார்.

நாங்கள் வயர் சுற்றிக்கொண்டிருந்தபோது ஒருவர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "தம்பி, உங்கட நம்பரை ஒருக்காத் தாங்கோ. அப்பா ஆஸ்பத்திரியில."

"ஒண்டுக்கும் யோசியாதேங்கோ அண்ணை, சுகமாயிடும்," என்றேன். சொல்லும்போதே நம்பரையும் கொடுத்துவிட்டேன். கடைக்காரனின் வாய், வந்த ஆளைச் சும்மா அனுப்பாது.

அவர் போனார். றொசாந்தன் கிட்டாரைப் பைக்குள் வைத்து ஸிப்பை இழுத்தான். தலை நிமிராமலே கேட்டான்.

"எப்பவாம்?"