இரண்டாவது தடவை கேட்காத கேள்வி

வியாழக்கிழமை காலை. ஆர்ச்சி ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு வாசல் கதவைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தான். மூன்று வயதுப் பையனுக்குக் கிழமை தெரியாது. ஆனால் குப்பை வண்டி வந்து போகிற காலைதான் காட்டுக்குப் போகிற காலை என்று எப்படியோ கண்டுபிடித்து வைத்திருந்தான்.

“அம்மா, குப்பை வண்டி வந்துட்டுப் போயிருச்சு. வா, போலாம்.”

“இன்னிக்கு இல்லடா.”

“போன குப்பை வண்டிக்கும் இல்லன்னே.”

அவன் அம்மா டீகனின் இடுப்பில் இருந்த கைக்குழந்தை மேவ், விடியலில் ஆரம்பித்த அழுகையை இன்னும் முடிக்கவில்லை. வாசலில் கார் நிற்க வேண்டிய இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

வீட்டுக்கு இருந்தது ஒரே கார். டீகனின் புருஷன் பிராடி மர லாரி ஓட்டுகிறவன். விடிவதற்கு முன்னால் காரை எடுத்துக்கொண்டு டிப்போவுக்குப் போவான். அங்கே லாரியில் ஏறி மலைக்குப் போய்விடுவான். கார் சாயங்காலம் வரை டிப்போ வேலியோரம் சும்மா நிற்கும். முன்பெல்லாம் வியாழக்கிழமைகளில் மட்டும், உடன் வேலை செய்த ஒருவன் தன் காரில் பிராடியை ஏற்றிக்கொண்டு போவான், கார் டீகனிடம் இருக்கும். அவன் சுரங்க வேலைக்குப் போய்விட்டான். அதோடு டீகனின் வியாழக்கிழமையும் போய்விட்டது.

மலைச் சாலையில் ஓடை அகன்று ஓடுகிற இடத்தில் பெரிய பெரிய யூகலிப்டஸ் மரங்கள் நிற்கின்றன. வியாழக்கிழமை தோறும் எட்டுப் பத்து தாய்மார்கள் பிள்ளைகளோடு அங்கே கூடுவார்கள். கட்டடம் கிடையாது. மழைக்கு ஒரு தார்ப்பாய், நடுவில் நெருப்பு, அதன்மேல் ஒரு கெட்டில். பிள்ளைகள் சேற்றில் புரளும். குச்சியில் மாவைச் சுற்றி நெருப்பில் வாட்டிப் பாதி வெந்ததும் தின்னும். தாய்மார்கள் முறை போட்டுக்கொள்வார்கள். ஒருத்தி நாலு பிள்ளையைப் பார்த்துக்கொண்டால் இன்னொருத்தி ஒரு கோப்பை டீயோடு ஓடைக்கரையில் தனியாக நடந்துவிட்டு வரலாம். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஆனால் டீ சூடாக இருக்கும்போதே குடிப்பது எப்படி இருக்கும் என்று கைக்குழந்தைக்காரிக்குத்தான் தெரியும்.

இதை ஆரம்பித்தவள் ரோஷெல். டாக்டரோ நர்ஸோ இல்லை, பள்ளிக்கூட உணவகத்தில் சாண்ட்விச் போடுகிறவள். அவள் வைத்திருந்த ஒரே சட்டம், நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தால் ‘பரவாயில்ல’ என்ற வார்த்தையைச் சொல்லக் கூடாது. எங்கள் பக்கத்தில் எதற்கும் அதுதான் பதில். கால் ஒடிந்தவனைக் கேட்டாலும் பரவாயில்ல. வீடு எரிந்தவனைக் கேட்டாலும் பரவாயில்ல.

முதல் நாள் டீகனும் அதைத்தான் சொன்னாள்.

“எப்படி இருக்கே, டீகன்?”

“பரவாயில்ல.”

“ஏய், மாட்டிக்கிட்டா! போ, ஒரு கை விறகு பொறுக்கிட்டு வா. அதான் அபராதம்.”

“இந்தக் கூட்டத்துல விறகுக்குப் பஞ்சமே இல்லடி” என்று இன்னொருத்தி சிரித்தாள். “நான் மட்டும் ஒரு மரம் அளவுக்குப் பொறுக்கியிருக்கேன்.”

டீகன் சில வாரம் விறகு பொறுக்கினாள். பிறகு ஒரு நாள் நெருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “நேத்து அவ அழ அழத் தொட்டில்ல போட்டுட்டு நான் கோழிக்கூட்டுக்குள்ள போய் உக்காந்துட்டேன். எவ்வளவு நேரம்னு தெரியல.”

யாரும் வாயில் கை வைக்கவில்லை. ஒருத்தி மட்டும், “எங்க வீட்ல கோழிக்கூடு இல்ல. நான் கார்ல போய் உக்காந்து பூட்டிக்குவேன்” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். டீகனும் சிரித்தாள். மேவ் பிறந்த பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

வியாழக்கிழமைக் கார் நின்றுபோனதும் டீகன் பிராடியிடம் கேட்டுப் பார்த்தாள்.

“வியாழக்கிழமை மட்டும் காரை விட்டுட்டுப் போறியா?”

“நான் எதுல போறது?”

“பொடியன் நம்ம தெரு வழியாத்தானே போறான். ஏத்திக்கச் சொல்லேன்.”

பொடியன் என்பது டிப்போவிலேயே பெரிய ஆள். நிலைவாசலில் குனிந்துதான் நுழைவான். அதனாலேயே அவனுக்கு அந்தப் பெயர்.

“அவன்கிட்ட போய் என்னன்னு சொல்றது? என் பொண்டாட்டி மரத்தடியில டீ குடிக்கப் போகணும், அதனால என்னை ஏத்திக்கோன்னா? ஒரு வருஷத்துக்கு லாரி ரேடியோவுல என்னைத்தான் ஓட்டுவானுங்க.” பிராடி பூட்ஸைக் கழற்றிக்கொண்டே சிரித்தான். “நான் தினம் காட்டுலதான் இருக்கேன். மரத்தைப் பார்த்தா மனசு நல்லாயிடும்னா, நான் இந்நேரம் பெரிய மகான் ஆயிருக்கணும்.”

டீகனும் கொஞ்சம் சிரித்தாள்.

“உனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்லையே?” என்று கேட்டான்.

“பரவாயில்ல.”

வீட்டில் அவளை விறகு பொறுக்க அனுப்ப ஆள் இல்லை. பிராடி நம்பிவிட்டான். கெட்டவன் இல்லை அவன். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். உடம்பு அலுத்து வருகிறவனுக்குத் தன் முதுகுவலி தெரியும். வீட்டில் இருப்பவளுக்கு என்ன வலி இருக்கப்போகிறது என்று தோன்றிவிடுகிறது. அவ்வளவுதான்.

அப்படியே சில வியாழக்கிழமைகள் போயின. டீகன் தலை சீவுவதை விட்டாள். போன் அடித்தால் எடுப்பதை விட்டாள். ரோஷெல் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்து, ஊருக்குப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள்.

இந்த வியாழக்கிழமை, காலியான குப்பைத் தொட்டியை உள்ளே இழுத்து வைக்கத்தான் டீகன் வெளியே வந்தாள். திரும்ப வீட்டுக்குள் போக அவளால் முடியவில்லை. ஏன் என்று அவளுக்கே தெரியாது. மேவைக் குழந்தை வண்டியில் படுக்க வைத்தாள். ஆர்ச்சியின் கையைப் பிடித்தாள். தெருமுனை வரை போனாள். பிறகு மலைச் சாலையில் திரும்பி ஏறத் தொடங்கினாள்.

அது மர லாரிகள் போகிற சாலை. நடைபாதை கிடையாது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். நடந்தால் அரை நாள் ஆகும். கொஞ்ச தூரத்திலேயே மழை பிடித்துக்கொண்டது. ஆர்ச்சிக்கு மட்டும் ஒரே கொண்டாட்டம். “காட்டுக்குப் போறோம், காட்டுக்குப் போறோம்” என்று பாடிக்கொண்டே வந்தான்.

மலைச் சாலையில் ஓட்டுகிறவர்கள் ரேடியோவில் ஒருவருக்கொருவர் எந்தக் கிலோமீட்டர் கல்லில் இருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே வருவார்கள். வளைவில் எதிரே யார் வருகிறார்கள் என்று தெரிய வேண்டுமே. அன்றைக்குக் காலி லாரியோடு மேலே ஏறிய பொடியன்தான் அவளை முதலில் பார்த்தான்.

“எல்லாரும் கவனம்பா. ஒன்பதாம் கல் வளைவுக்குக் கீழ ஒரு பொம்பள குழந்தை வண்டியைத் தள்ளிக்கிட்டு நடந்து வர்றா. மழையில. குடை கூட இல்ல. முகம் சரியாத் தெரியல.”

“கடைக்குப் போறாளோ?” என்றது ஒரு குரல்.

“மேல எங்கடா கடை? கங்காருதான் கடை வச்சிருக்கணும்.”

சுமையோடு இறங்கிக்கொண்டிருந்த பிராடியும் மைக்கை எடுத்தான். “எவன் பொண்டாட்டியோ, வீட்டை விட்டே கிளம்பிட்டா போல. தேடிக்கிட்டு வர்றவன்கிட்ட யாரும் சொல்லிடாதீங்கடா. பாவம், தப்பிச்சுப் போகட்டும்.”

ரேடியோ பூராவும் சிரிப்பு.

வளைவுக்கு மேலே பொடியன் அவனுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றான். பிராடி கையைக் காட்டிவிட்டு வளைவில் இறங்கினான். முதலில் தெரிந்தது குழந்தை வண்டியின் கூரை. பழைய லாரித் தார்ப்பாயை வெட்டி அவனே தைத்துப் போட்ட நீலக் கூரை.

சுமையோடு இறங்குகிற லாரி நினைத்த இடத்தில் நிற்காது. பிரேக்கை அழுத்திப் பிடித்தால் பின்னால் இருக்கிற மரமெல்லாம் முன்னால் வரும். ஹாரன் அடித்தால் அவள் திடுக்கிட்டு எந்தப் பக்கம் நகர்வாளோ தெரியாது. ஒன்றும் செய்ய முடியவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தன் குடும்பத்தைக் கடந்து போக மட்டும்தான் முடிந்தது. டீகன் நிமிர்ந்தே பார்க்கவில்லை. ஆர்ச்சி எந்த லாரியைப் பார்த்தாலும் செய்வதுபோல, ஹாரன் அடிக்கச் சொல்லிக் கையைத் தூக்கி, கயிற்றை இழுப்பதுபோல இழுத்து இழுத்துக் காட்டினான். உள்ளே இருப்பது அப்பா என்று அவனுக்குத் தெரியாது.

“பொடியா!” பிராடி மைக்கில் கத்தினான். “ரோட்டை மறிச்சுட்டு ஓடு. கீழ ஓடுடா. அது என் பொண்டாட்டி.”

பொடியன் லாரியைச் சாலைக்குக் குறுக்கே நிறுத்திவிட்டுக் குதித்து ஓடினான்.

கீழே சமதளம் வந்த பிறகுதான் லாரி நின்றது. பிராடி மழையில் மேட்டில் ஏறி ஓடினான். அவன் வந்து சேர்ந்தபோது பொடியன் ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தான். மேவ் அவன் மழைக்கோட்டுக்குள் இருந்தாள். ஆர்ச்சி அவன் தொப்பியை மாட்டிக்கொண்டிருந்தான். டீகன் மட்டும் நின்றுகொண்டு, காலி வண்டியை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

“டீகன்! என்னாச்சு? நல்லா இருக்கியா?”

“பரவாயில்ல” என்றாள். வண்டியை ஆட்டுவதை நிறுத்தவில்லை.

பிராடி பொடியனைப் பார்த்தான். பொடியன் தலை குனிந்துகொண்டான். “நான் கேட்டதுக்கும் அதான் சொன்னா, மச்சான்.”

பிராடி அவள் கையோடு சேர்த்து வண்டியின் பிடியைப் பிடித்தான். வண்டி நின்றது.

“நிஜமா சொல்லு. எப்படி இருக்கே?”

டீகன் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “ஒவ்வொரு லாரி வரும்போதும், இதுங்களை ஓரமா விட்டுட்டு நான் மட்டும் ரோட்டுல நின்னுடலாமான்னு தோணுச்சு. ஆர்ச்சி கை காட்டிக்கிட்டே இருந்தான். அதனால நடந்தேன்.”

அந்த வளைவிலும் ஓடைக்கரையிலும் மட்டும் போனுக்கு சிக்னல் கிடைக்கும். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால், வர நேரமாகும் என்றார்கள். பிராடி ரோஷெலைக் கூப்பிட்டான். அவள் பிள்ளைகளை மற்ற தாய்மார்களிடம் விட்டுவிட்டு, பூட்ஸில் சேறு ஒட்டியபடியே காரில் வந்தாள். டீகனைக் கட்டிக்கொண்டாள்.

“அந்த மரத்தடிக்கே கூட்டிட்டுப் போங்க” என்று பிராடி கெஞ்சினான். “அங்க போனா சரியாயிடுவால்ல?”

“இல்ல, பிராடி. மரத்தடி வைத்தியம் இல்ல. இன்னிக்கு ஹோபார்ட் டவுன் ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்.” என்றாள் ரோஷெல். “அங்க நாங்க ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கறோம். அவ்வளவுதான் செய்யறோம். அவ வந்துக்கிட்டு இருந்திருந்தா இந்த முகத்தை ஒருத்தியாவது பார்த்திருப்பா. நானும் வீட்டுக்கு வந்து பார்த்திருக்கணும். போன் எடுக்கலன்னு விட்டுட்டேன்.”

காரிலிருந்தே ஆஸ்பத்திரிக்குப் பேசினாள். தாயும் குழந்தையும் சேர்ந்து தங்குகிற படுக்கை காலி இல்லையாம். எப்போது காலியாகும் என்றும் தெரியாதாம். தாயை மட்டும் கொண்டு வாருங்கள் என்றார்கள்.

கார் கிளம்பியது. மேவ் பிராடியின் கையில் வீறிட்டு அழுதாள். எப்போது பால் குடித்தாள், எந்தப் பக்கம் சாய்த்தால் தூங்குவாள், ஒன்றும் அவனுக்குத் தெரியவில்லை. ஆர்ச்சி கார் போன திசையைப் பார்த்து, “அம்மா மட்டும் காட்டுக்குப் போறாங்களா?” என்று கேட்டான்.

“என்கிட்ட கேட்டிருக்கலாம்லடா” என்றான் பொடியன். “உன் தெரு வழியாத்தானே தினம் வர்றேன்.”

“சிரிப்பீங்கன்னு நினைச்சேன்.”

“சிரிச்சிருப்போம். சிரிச்சுக்கிட்டே ஏத்திட்டு வந்திருப்போம்.”

பிராடி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டான். “குடும்பத்துக்காகத்தானே உழைக்கிறேன்னு சொல்லிக்கிட்டே பிள்ளை பெத்தவளை நாலு சுவத்துக்குள்ள தனியா விட்டுட்டேன், பொடியா. அவ கேட்டது என்ன, வாரத்துல ஒரு காலை. மனுஷ முகம் பார்க்க ஒரு மரத்தடி. எவனா இருந்தாலும் சொல்றேன், வீட்ல பரவாயில்லன்னு சொன்னா நம்பிட்டுக் கிளம்பாதீங்க. ரெண்டாவது தடவை கேளுங்க. அவ போகணும்கற இடத்துக்குப் போக வழி பண்ணிக் கொடுங்க. அப்புறம் கேட்டா, இதோ, இப்படித்தான்.”

பொடியன் வீட்டிலும் தவழுகிற பிள்ளை ஒன்று இருந்தது. வீட்டுக்குப் போன் போட்டுக்கொண்டே தன் லாரிப் பக்கம் நடந்தான்.

“நான்தான்… இல்ல, ஒண்ணும் ஆகல. சும்மாதான் கூப்பிட்டேன். எப்படி இருக்கே?” என்று கேட்டான். பதிலைக் கேட்டுவிட்டுக் கொஞ்சம் தயங்கினான். “இல்ல. நிஜமா?”

மறுமுனை பேச ஆரம்பித்தது. அந்தப் பெரிய மனிதன் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி, லாரிப் படியில் மெல்ல உட்கார்ந்தான்.