மேல் தோட்டத்துக்கு ஒரு வண்டி

பிப்ரவரி 6, 2025, வியாழன். நேற்று வண்டியின் சீட்டு உயரத்தைத் தப்பாக எழுதிவிட்டேன். மஞ்சள் வண்டியின் அளவைப் பச்சை வண்டிக்கு நேரே போட்டிருக்கிறேன். இரண்டு முறை சரிபார்த்தும் கண்ணில் படவில்லை. வித்தியாசம் ஒன்பது சென்டிமீட்டர். அப்பாவின் காலுக்கு அது பெரிய உயரம்.

இதை டைரியில் எழுதி முடித்தபோது வகுப்பு தொடங்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது. மாதேஸ்வரி பேனாவை மூடிவைத்தாள், பிறகு திறந்து அந்த எண்ணை இன்னொரு முறை பார்த்தாள். பகலில் ஓசூரில் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் ஆய்வுப் பிரிவில் வேலை, மாலையில் டிப்ளமோ வகுப்பு, வாரம் முழுக்க ஹாஸ்டல். சனிக்கிழமை சாயங்காலம்தான் வேப்பனப்பள்ளி பக்கத்து ஊரில் இருக்கும் வீட்டுக்குப் போவாள். ஒரு எண் தப்பினால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது.

இந்த எண் அவளுடைய அப்பா கோவிந்தப்பனுக்காக. அவருக்கு இரண்டு மாந்தோப்பு. ஒன்று வீட்டை ஒட்டியது. இன்னொன்று கரட்டுச் சரிவில் இருக்கும் மேல் தோட்டம். பெங்களூரா ரக மா நாற்பத்திரண்டு மரம், எல்லாம் அவர் கையால் நட்டது. வீட்டிலிருந்து சொந்த நிலத்திலேயே ஒன்றரை கிலோமீட்டர் ஏற வேண்டும். முண்டும் கல்லுமான அந்தப் பாதையில் டிராக்டர் போகாது, மொபெட் சறுக்கும். இதுவரை அவர் நடந்தே போய் வந்தார். ஒரு வருஷமாக இடது கால் இழுக்கிறது. நரம்பு தளர்கிற நோய், நிற்காது, மெல்லப் பரவும் என்று பெங்களூர் டாக்டர் சொல்லிவிட்டார்.

இப்போது மா பூத்திருக்கிறது. பூவில் தத்துப்பூச்சி விழுந்ததா, மருந்து எப்போது அடிப்பது என்று தினமும் போய்ப் பார்க்க வேண்டிய மாதம். பார்க்க ஆள் இல்லாதவர்கள் பூவிலேயே வியாபாரிக்குக் குத்தகை விட்டுவிடுவார்கள். அதன்பின் காய் பறித்து முடிகிற வரை தோட்டம் வியாபாரியுடையது. காவல், மருந்து, கவாத்து எல்லாம் அவன் இஷ்டம். சுற்று வட்டாரத்தில் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். கோவிந்தப்பன் ஒரு வருஷமும் விட்டதில்லை.

"எம் மரத்துக்கு நானே விருந்தாளியா போறதா?" என்பார்.

அதனால்தான் ஏடிவி. பைக்கைப் போலக் காலை இரண்டு பக்கமும் போட்டு உட்கார்ந்து, ஹேண்டிலைப் பிடித்து ஓட்டுகிற, நாலு குண்டு டயர் உள்ள வண்டி. யோசனை மாதேஸ்வரியுடையது. அவர் முதலில் சிரித்தார். மூன்றாம் நாள் அவராகவே அம்மாவை விட்டு அவளுக்குப் போன் போட்டு, "அந்த வண்டி நம்ம கல்லு மேல ஏறுமா, ஈசு?" என்று கேட்டார். அவர் ஒரு பொருளைப் பற்றி இரண்டாம் முறை கேட்டால் ஆசைப்பட்டுவிட்டார் என்று அர்த்தம்.

அவள் தொழிற்சாலையில் செய்வதைப் போலவே ஒரு செக் ஷீட் போட்டாள். பதினோரு வரி. தரையிலிருந்து வண்டியின் அடிவயிறு எவ்வளவு உயரம், சீட்டு எவ்வளவு அகலம், கியர் மாற்ற வேண்டுமா தானே மாறுமா, மேட்டில் நிறுத்தினால் பின்னால் உருளுமா, பின் கேரியர் மருந்துக் கேனைத் தாங்குமா, சர்வீசுக்கு ஆள் ஓசூரிலேயே உண்டா. மற்ற ஐந்து வரியும் காலைப் பற்றி: ஏறும் உயரம், கால் வைக்கும் பலகையின் அகலம், இடது கால் நழுவினால் சக்கரத்தில் மாட்டாத தடுப்பு, இப்படி.

சனிக்கிழமை வீட்டுக்குப் போனதும் அளவு டேப்பை எடுத்தாள்.

"காலத் தூக்குப்பா."

"எவ்ளோ?"

"உன்னால முடிஞ்ச வரைக்கும்."

"பேண்ட்டு தெக்கப் போறியா? நான் வேட்டிதான் கட்டுவேன்."

அம்மா செல்வம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "உங்கள கம்பெனி பார்ட்டுன்னு நெனச்சிக்கினா. ரிஜெக்ட்டு சீல் குத்தாம இருந்தா சரி."

மூவரும் சிரித்தார்கள். பச்சை வண்டிக்கு மூன்று சென்டிமீட்டர் மிச்சமாகவே அவர் கால் உயர்ந்தது. அவள் அந்த வரிக்கு டிக் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வாடகைக் காரில் அப்பாவும் மகளும் தொரப்பள்ளி தாண்டி ஒரு மைதானத்துக்குப் போனார்கள். பெங்களூர்க்காரர்கள் வார இறுதியில் வந்து மேடு பள்ளத்தில் ஏடிவி ஓட்டிப் போகிற இடம். வண்டிகளை வாடகைக்கு விடுவதும் விற்பதும் பென்சன் என்பவர். தூத்துக்குடியிலிருந்து வந்து ஓசூரில் தங்கிவிட்டவர்.

"மஞ்ச வண்டி வேண்டாம்," என்றார் பென்சன், கேட்பதற்கு முன்பே. "அது துள்ளுத வண்டி, சின்னப் பையங்களுக்கு. ஐயா இடுப்பு தாங்காது. பச்சை வண்டி மாடு மாதிரி. மெதுவாப் போவும், ஆனா நிக்காது. ஒண்ணு பாத்துக்கிடுங்க, தார் ரோட்டுல எடுக்கக் கூடாது. நம்பர் கெடையாது."

"ரோட்டுக்கு யாரு போறாங்க? நேரா தோட்டந்தான்," என்றார் கோவிந்தப்பன்.

பென்சனின் தோளைப் பிடித்து வலது காலை ஊன்றி இடது காலைப் பலகையில் வைத்தார். உட்கார்ந்தார். சீட்டில் ஒருமுறை மெல்ல எம்பிப் பார்த்தார்.

"சோஃபா மாதிரி இருக்குதும்மா."

மாதேஸ்வரி ஒவ்வொரு வரியாக டிக் போட்டுக்கொண்டு வந்தாள். பதினொன்றும் முடிந்தது. தான் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்துவிட்டதாக அவளுக்கு வெகுநாளைக்குப் பிறகு தோன்றியது.

பென்சன் இன்ஜினை ஓடவிட்டார். "ஆக்சிலேட்டரு பைக்கு மாதிரி முறுக்குதது இல்ல ஐயா. வலது கட்டை விரலுக்குப் பக்கத்துல ஒரு லீவர் இருக்கு பாருங்க. அதத் தள்ளிக்கிட்டே இருக்கணும். விட்டா நின்னுரும்."

கோவிந்தப்பன் தள்ளினார். வண்டி இரண்டடி நகர்ந்து நின்றது. மறுபடி தள்ளினார். ஓரடி. கட்டை விரல் லீவரின் மேல் இருந்தது, ஆனால் லீவர் திரும்பி வந்துவிட்டது. உள்ளங்கையால் அழுத்தினார், ஹேண்டில் ஒரு பக்கம் திரும்பியது. இடது கையைக் குறுக்கே கொண்டுவந்தார்.

"ஸ்பிரிங்கு புதுசுல்லா, கொஞ்சம் டைட்டு," என்றார் பென்சன், எங்கோ பார்த்துக்கொண்டு.

மாதேஸ்வரி கையை நீட்டி லீவரை அழுத்திப் பார்த்தாள். கால்குலேட்டர் பொத்தானைப் போல லேசாக உள்ளே போனது. அவள் சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். அதற்குள் அப்பா பார்த்துவிட்டார்.

பதினோரு வரியிலும் கை இல்லை. ஒரே ஒரு வரியில்கூட.

"முறுக்குத மாதிரி மாத்தித் தரலாம்," என்றார் பென்சன். கோவிந்தப்பன் வலது கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கப் பார்த்தார். விரல்கள் பாதி மடங்கி நின்றன. பென்சன் குரலைத் தாழ்த்தினார். "இல்லன்னா பின்னால சாஞ்சு உக்காருத சீட்டு வச்ச வண்டி வரும். தங்கச்சி ஓட்டட்டும், ஐயா ஜம்முனு வரலாம்."

"பின்னால வர்றது யாரு? நானா, காய் மூட்டையா?" கோவிந்தப்பன் சிரித்தார். மற்ற இருவரும் சிரிக்கவில்லை. "இவ ஓசூர்ல இருக்கா தம்பி. தெனமும் என்னைத் தூக்கிக்கினு மேல ஏற வேலைய வுட்டுட்டு வருவாளா?"

"வரேன்ப்பா."

"வராத."

அவர் அதைக் கோபமில்லாமல்தான் சொன்னார். பென்சன் இன்ஜினை அணைத்து, இறங்குவதற்குத் தோளைக் காட்டினார்.

"இன்னும் கொஞ்சம் நேரம் உக்காந்துக்கறேன் தம்பி. சீட்டு நல்லா இருக்குது."

பெங்களூர் இளைஞர்கள் நாலு பேர் கத்திக்கொண்டு கடந்து போனார்கள். புழுதி அடங்கும் வரை கோவிந்தப்பன் ஹேண்டிலின் மேல் இரண்டு கைகளையும் வைத்து முன்னால் இருந்த மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மாதேஸ்வரி செக் ஷீட்டை நாலாக மடித்தாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

கார் கிருஷ்ணகிரியை நெருங்கிக்கொண்டிருந்தது. கோவிந்தப்பன், "போன வருஷம் வந்து கேட்டானே வியாபாரி, அவன் நம்பரு உன் போன்ல இருக்குதா?" என்றார்.

"எதுக்குப்பா?"

"மேல் தோட்டத்தப் பாக்கச் சொல்லு. பூ கொட்றதுக்கு முன்ன வந்தாத்தான் அவனுக்கும் நமக்கும் சரி."

"இன்னொரு வாரம் பாக்கலாம்ப்பா. வேற வண்டி ஏதாவது—"

"வண்டி நல்ல வண்டிதான், ஈசு. நீ சரியாத்தான் பாத்த." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "போனப் போடு. என்னால அமுக்க முடியல."

அவள் போட்டாள். மணி அடிக்கத் தொடங்கியதும் போனை அவர் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். அவரே பேசினார், குரல் தடுமாறவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு. பழைய பக்கங்களைப் புரட்டினேன். ஜனவரி 19-இல் என் கையெழுத்திலேயே இருக்கிறது: "அப்பா சட்டைக்கு அம்மா பட்டன் போட்டுவிடுகிறாள்." பார்த்திருக்கிறேன், எழுதியும் இருக்கிறேன். ஷீட்டில் சேர்க்க மறந்தேனா, சேர்க்க மனம் வரவில்லையா, எனக்கே தெரியவில்லை. அப்பா சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார்.

நாளை: சூப்பர்வைசருக்கு லீவு சொல்ல வேண்டும். வியாபாரி ஒன்பது மணிக்கு வருகிறார். அவரை மேல் தோட்டத்துக்குக் கூட்டிப்போய் நாற்பத்திரண்டு மரத்தையும் காட்ட வேண்டும்.