ஞாயிற்றுக்கிழமைச் சங்கிலி

ஆறு மாதமாக நிலம் சுருங்கிக்கொண்டிருந்தது.

பழைய பதிவேட்டில் நூறு சென்ட் என்றிருந்த வயல், புதிதாக அளந்தால் தொண்ணூற்றெட்டு என்று வந்தது. ஒன்றிரண்டு என்றால் பழைய ஆட்களின் கைப்பிழை என்று தள்ளிவிடலாம். மழை தொடங்கியதிலிருந்து அளந்த நாற்பத்திரண்டு வயல்களும் அப்படியே. நிலம் குறைந்தால் வரி குறையும். வரி குறைந்தால் வெள்ளைக்காரத் துரையின் முகம் சிவக்கும். ஏற்கெனவே சிவந்த முகம் அது.

“யாரோ கை நீட்டியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு ஒரு பெயர் வேண்டும்” என்று நில அளவை அதிகாரியிடம் துரை சொல்லிவிட்டார். பெயர் வராவிட்டால் அளவை அதிகாரியின் பெயரையே எழுதிக்கொள்வேன் என்று அவர் சொல்லவில்லை. பேனா மூடியைத் திருகிய விதத்தில் அது தெரிந்தது.

அதிகாரிக்குச் சந்தேகம் புதிதல்ல. செருப்பைப் போடும்முன் அதற்குள் எட்டிப்பார்க்கிற மனிதர் அவர். நிலம் அளக்கும் இரும்புச் சங்கிலியை அலுவலகத்தில் வைத்தால் யாராவது கைவைப்பார்கள் என்று, தினமும் மாலையில் வீட்டுக்கே கொண்டுவரச் சொல்லி மரப்பெட்டியில் பூட்டிவைத்தார். ஒரு சாவி அவரிடம், இன்னொன்று மனைவியின் கொத்தில். அலுவலக முற்றத்தில் சங்கிலியின் சரியான நீளத்துக்கு இரண்டு கற்கள் நடப்பட்டிருந்தன. மாதம் ஒருமுறை சங்கிலியை அவற்றின் நடுவே போட்டுச் சரிபார்க்க வேண்டும். என் பூட்டுக்குள் இருக்கிற சங்கிலிக்கு என்ன வந்துவிடப்போகிறது என்று, அவர் பதிவேட்டில் ‘சரி’ என்று மட்டும் எழுதிவந்தார்.

கடைசியில் சந்தேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. குறைந்த வயல்களில் மச்சானுடையதும் ஒன்று. ஞாயிறு தவறாமல் அவன் அக்காவைப் பார்க்க வருகிறான். இவர் துரை பங்களாவில் வாரப் பதிவை வாசித்துக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து வருகிறான். கிளம்பும்போதெல்லாம் மனைவி, “எத்தனை மணிக்குத் திரும்புவீங்க?” என்று கேட்கிறாள். கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் இல்லாத அக்கறை. போதாததற்குத் திங்கட்கிழமைகளில் பெட்டியைத் திறந்தால் சங்கிலியில் சோப்பு வாசனை.

மனைவியின் பெயரையா எழுத முடியும்? துரைக்குக் கொடுக்கும் கடிதத்தில் சங்கிலி பிடிக்கும் ஆளின் பெயரை எழுதினார். நீண்ட கால்களால் ஊரே அந்த ஆளைக் கொக்கு என்றுதான் கூப்பிடும்.

அந்த ஞாயிறு, அலுவலகத்தில் வாரப் பதிவை எடுத்துக்கொண்டு பங்களாவுக்குப் போகும் வழியில், தெருமுனையில் கொக்கு அதிகாரியை வழிமறித்தார்.

“என் பேரைத்தான் எழுதியிருக்கீங்கன்னு எழுத்தர் சொன்னாரு ஐயா.”

அதிகாரியின் கை தானாகக் கடிதம் இருந்த சட்டைப்பைமேல் போனது. “அவருக்கு எப்படித் தெரியும்?”

“நீங்க கடுதாசி மேல மை ஒத்திப் போட்ட தாளைக் கண்ணாடியில காட்டிப் படிச்சாராம்.”

“திருட்டுப் பய.”

“அவரை அப்புறம் திட்டுங்க. போன மாசம் துரையோட தோட்டத்தை அளந்தோமே, அதுவும் நூத்துக்கு ரெண்டு குறைஞ்சுதே. துரையும் எனக்குக் காசு கொடுத்தாரா?”

அதிகாரி நின்றுவிட்டார்.

“என்மேல சந்தேகப்படுங்க, வேணாங்கல. சங்கிலிமேலயும் கொஞ்சம் படுங்க. ஒரே ஒரு தடவை கல்லுல போட்டுப் பாத்துட்டு என்னை அனுப்புங்க. வீட்டுல மூணு பொண்ணுங்க ஐயா.”

அதிகாரி வீட்டுப் பக்கம் திரும்பினார். கொக்கு பின்னாலேயே வந்தார்.

வாசலில் மச்சானின் செருப்பு. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டியதும் உள்ளே ஓட்டமும் இரும்பு உரசும் சத்தமும் கேட்டன. “அக்கா, மாமா வந்துட்டாரு!”

மனைவி கதவைப் பாதி திறந்தாள். மீதியை அவர் தள்ளித் திறந்தார்.

கூடத்தின் ஒரு சன்னல் கம்பியிலிருந்து எதிர்ச் சன்னல் கம்பிவரை சங்கிலி நாலு முறை போய்வந்து விறைப்பாகக் கட்டப்பட்டிருந்தது. அதன்மேல் நனைந்த கம்பளிகள் இரண்டு, விரிப்புகள் நான்கு, நடுவில் அவருடைய உத்தியோகக் கோட்டு. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். வாயிற்படியில் நின்ற கொக்கு வேறு பக்கம் பார்த்தார்.

“கயிறு ரெண்டு தடவை அறுந்துபோச்சுங்க. மழையில வெளியில போட முடியுதா? இரும்பாச்சே, தாங்கும்னு...” என்று மனைவி இழுத்தாள்.

“எத்தனை நாளா?”

“மழை பிடிச்சதுலேருந்து.”

“தொங்குதுன்னு அக்கா திட்டும் மாமா. அதான் நல்லா இழுத்துக் கட்டுவேன்” என்று மச்சான் புஜத்தைக் காட்டினான்.

“கதவை எதுக்குத் தாழ் போட்டீங்க?”

“தொட்டதுக்கெல்லாம் குடைவீங்களே, அதான்.” சொல்லிவிட்டு அவள் அவர் முகத்தையே பார்த்தாள். “ஏன், வேற என்ன நினைச்சீங்க?”

அவர் கோட்டை எடுத்து மடித்தார். மறுபடி பிரித்தார்.

“என்னையுமா?” என்றாள்.

அவர் சங்கிலியை அவிழ்க்கத் தொடங்கினார். அவள் உதவிக்கு வரவில்லை.

அலுவலக முற்றத்தில் யாரும் இல்லை. கொக்கு ஒரு கல்லில் முனையை வைத்துப் பிடித்துக்கொள்ள, அதிகாரி மறுமுனையை இழுத்துக்கொண்டு போனார். சங்கிலி இரண்டாவது கல்லைத் தாண்டிப் போய்க் கிடந்தது. நூறு கண்ணிகளின் வளையங்களும் ஒரு மயிரிழை வாய் திறந்திருந்தன. சங்கிலி நீண்டுவிட்டது, வயலில் அது விழும் தடவை குறைந்தது, அதனால் நிலம் குறைந்துவிட்டது.

கொக்கு குந்தி உட்கார்ந்து, தாண்டிய பகுதியில் கையை விரித்து வைத்தார். “ஒரு சாண் ஐயா.” குரலில் குத்தல் எதுவும் இல்லை. அதிகாரி தேடிப்பார்த்தும் கிடைக்கவில்லை.

உள்ளே போய்ப் பழைய கடிதத்தைக் கிழித்தார். புதிய தாளில் ‘சங்கிலி தேய்ந்து நீண்டது’ என்று மட்டும் எழுதி நிறுத்திக்கொள்ளலாம். துரை அதை நம்பக்கூடும். ஆனால் பதிவேட்டில் அவர் கையெழுத்தில் ஆறு ‘சரி’கள் இருந்தன. துரை கேட்டது ஒரு பெயர். சன்னலுக்கு வெளியே கொக்கு ஒற்றைக் காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தார்.

அதிகாரி தன் பெயரை எழுதினார். வயல்கள் நாற்பத்திரண்டையும், துரையின் தோட்டத்தையும், தன் செலவில் மறுபடி அளந்து தருவதாக எழுதினார். உத்தியோகம் இருந்தால் என்பதையும் சேர்த்துக்கொண்டார்.

“யார் பேருங்கையா?” என்றார் கொக்கு, அவர் வெளியே வந்ததும்.

“என் பேருதான்.”

கொக்கு தலையை ஆட்டினார். “சங்கிலியை எங்க வைக்க?”

“இங்கேயே வை” என்று அலுவலகச் சாவியை நீட்டினார். கொக்கு வாங்க, அதிகாரியின் விரல்கள் சாவியை விடுவதற்குச் சற்று நேரமானது. பிறகு பங்களாவை நோக்கி நடந்தார். மை ஒத்திய தாளை மறக்காமல் மடித்துப் பைக்குள் வைத்திருந்தார்.