வாசலிலிருந்து மேடை வரைக்கும் ஒரு பாட்டு

1

இந்தக் கதை எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் பிறந்தது. சித்தப்பா மகள் கல்யாணத்தில் பாட்டுக்கு ஆள் வைப்பதா, நாமே ஸ்பீக்கரில் போட்டுக்கொள்வதா என்று யாரோ கேட்டார்கள். எல்லோரும் பதில் சொன்னார்கள். கேட்டதற்கு மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. நான் ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டுக் கதை எழுத உட்கார்ந்தேன். வீட்டுக்கு உதவாதவன் இலக்கியத்துக்காவது தொந்தரவு கொடுக்கலாமே.

முதல் தொடக்கம்: "காற்றில் மிதந்து வந்த இசை அவள் இதயத்தை..."

(அடித்துவிட்டேன். கல்யாணத்துக்கு முந்தைய வாரங்களில் மணப்பெண்ணுக்கு இதயம் இருப்பதில்லை. தலைவலிதான்.)

இரண்டாம் தொடக்கம்: அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். பகல் முழுக்க "மூச்சைப் பிடிங்க, அசையாதீங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், அங்கே எல்லோரும் மூச்சு விடாமல் பேசுகிறார்கள்.

இது தேவலை. வைத்துக்கொள்வோம்.

2

மண்டப வாசலிலிருந்து மேடை வரை அப்பா அவளைக் கைபிடித்து அழைத்து வர வேண்டும். அந்த நடைக்கு ஒரு பாட்டு. பிரச்சினை அவ்வளவுதான். இதற்குத்தான் மூன்று வாரமாக யாரும் நிம்மதியாகச் சாப்பிடவில்லை.

"ஆளு எதுக்குக்கா? நாலு பேரு கோட்டு போட்டுட்டு வந்து பந்தியில மொத ஆளா உக்காருவாங்க. எங்கிட்ட ஸ்பீக்கர் இருக்கு," என்றான் தம்பி. சட்டைப்பையில் எப்போதும் ஏதாவது ஒயர் தொங்குவதால் வீட்டில் அவன் பெயர் ஒயர்.

"உங்கிட்ட எல்லாந்தான் இருக்கு, டிகிரியத் தவிர," என்றாள் அம்மா.

"டிகிரி வந்து பாட்டுப் பாடுமாம்மா?"

அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஒயர் சொல்றதுதான் சரி. ஆளெல்லாம் வேணாம்," என்றார்.

"போன மாசம் ஆளு வெச்சே ஆகணும்னு ஒத்தக் கால்ல நின்னீங்களேப்பா?" என்றாள் அவள்.

"இப்ப ரெண்டு கால்லயும் நிக்கிறேன். பாட்டே போடுங்க."

(இந்த அப்பாமீது எனக்குச் சந்தேகம். முதலில் கஞ்சன் என்று எழுதினேன், பொருந்தவில்லை. மனிதர் மேடைப் பூவுக்குத் தாராளமாகச் செலவழிக்கிறார். ஏன் மாறினார் என்று கேட்டால் என்னிடமே மழுப்புகிறார். எழுதுகிறவன் என்ற மரியாதைகூட இல்லை.)

3

ஒத்திகை. காலி மண்டபம், அடுக்கிய நாற்காலிகள், கரண்ட் வீணாகிறதே என்று வாசலில் நின்று முறைக்கும் மேனேஜர். ஒயர் பாட்டைப் போட்டான். அப்பாவும் மகளும் நடந்தார்கள்.

அப்பா பஸ் ஓட்டியவர். கிளட்ச் மிதித்து மிதித்து இடது முட்டி போய்விட்டது. அந்த முட்டியைப் படம் எடுத்தது அவள்தான். எலும்புகளுக்கு நடுவே இருக்க வேண்டிய இடைவெளி அதில் இல்லை. "நல்லாத்தானே இருக்கு?" என்று அப்பா கேட்டபோது, "நல்லாருக்குப்பா" என்று சொன்னதும் அவள்தான்.*

பாட்டு முடிந்தது. அவர்கள் பாதி மண்டபத்தில் இருந்தார்கள்.

அதற்குப் பிறகு கேட்டதெல்லாம் ஒரு செருப்பு தரையில் இழுபடும் சத்தம். அப்பா நின்றார். அண்ணாந்து பார்த்தார். "இந்த ஃபேன் ஆடுது பாரு. மேனேஜர்ட்ட சொல்லணும்," என்றார். ஃபேன் ஓடவே இல்லை.

"இன்னொரு தடவ போடவாப்பா?"

"வேணாம்டா. நான் கொஞ்சம் வேகமா வந்துடுறேன்."

மறுநாள் காலை அவள் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, சோபாவுக்கும் கதவுக்கும் நடுவே யாரோ வேகமாக நடந்து பழகும் சத்தம் கேட்டது. வாயில் நுரையோடு அப்படியே நின்றாள்.

* இந்தப் பொய்யை நான் எழுதவில்லை. அவளாகச் சொன்னாள்.

4

அன்று மாலையே கீபோர்டுக்காரரைப் பார்க்கப் போனாள். சுவரெல்லாம் ஸ்பாஞ்ச் ஒட்டிய சின்ன அறை.

"எவ்வளவு நேரம் வாசிக்கணும் மேடம்?"

"அப்பா வந்து சேர்ற வரைக்கும்."

"அவ்வளவுதானே? அவரப் பாத்துக்கிட்டே வாசிப்போம். வர வரைக்கும் அதே இடத்தையே சுத்திச் சுத்தி வருவோம். யாருக்கும் தெரியாது."

மூன்று வாரத்தில் முதல் முறையாக அவளுக்குப் பசித்தது. வழியில் எதையோ வாங்கித் தின்றுகொண்டே வந்து அப்பாவிடம் சொன்னாள்.

அப்பா கேட்டார்: "என்னையே பாத்துக்கிட்டு வாசிப்பாங்களா?"

"ஆமாப்பா."

"எல்லாரும் எனக்காகக் காத்துக்கிட்டு இருப்பாங்க."

அவள் தின்பதை நிறுத்தினாள்.

"ஸ்பீக்கருக்குக் கண்ணு இல்லம்மா," என்றார்.

(அப்பாடா, சொல்லிவிட்டார். ஆனால் இதனால் என் வேலை குறையவில்லை. காத்திருக்கத் தெரிந்தவர்கள் அவரைப் பார்த்துவிடுவார்கள். பார்க்காத பெட்டிக்குக் காத்திருக்கத் தெரியாது. ஆகவே இந்தக் கதையின் கருத்து என்னவென்றால்...

கருத்து இல்லை. எனக்குக் கண் எரிகிறது.)

5

எழுதிப் பார்த்த முடிவுகள்:

ஆள் வைக்கிறார்கள். எல்லாம் நன்றாக நடக்கிறது. அப்பா மேடையை நெருங்கும்போது கீபோர்டுக்காரர் அன்பாகப் புன்னகைக்கிறார். அந்தப் புன்னகையை அப்பா பார்த்துவிடுகிறார். கிழித்தேன்.

ஒயர் பாட்டை வெட்டி ஒட்டி நீளமாக்குகிறான். மூன்றாம் முறை அதே வரி வரும்போது மாமா ஒருவர், "டேய், பாட்டு மாட்டிக்கிச்சு, யாராவது போய்த் தட்டுங்கடா!" என்று கத்துகிறார். கிழித்தேன். இந்த மாமாவை எந்தக் கதையிலும் தவிர்க்க முடிவதில்லை.

மேடைக்குப் பக்கத்துக் கதவு வழியாக வருகிறார்கள். இதை அம்மாவே கிழித்தாள்: "பொண்ணக் கூட்டிட்டு சைடு கதவுல வரதுக்கு நாம என்ன சமையல் ஆளுங்களா?"

அவள் தனியாக நடந்து வருகிறாள். ஒரு வரிதான் எழுதினேன். அப்பா அதை என் தோளுக்குப் பின்னால் நின்று படிப்பதுபோல் இருந்தது.

6

ஆகவே கல்யாண நாள். மண்டபக் கதவு சாத்தியிருக்கிறது. வெளியே இரண்டு பேர். அப்பாவின் சட்டைக் காலரை அவள் சரிசெய்கிறாள். அவர் முட்டியை ஒருமுறை மடக்கி நீட்டிப் பார்க்கிறார், அவள் பார்க்கவில்லை என்ற நம்பிக்கையில்.

"போலாமாம்மா? வேகமா வந்துடுறேன்."

"ஐயோ, வேணாம்பா. புதுச் செருப்பு, குதிகாலக் கடிக்குது. என்னால மெதுவாத்தான் நடக்க முடியும்."

அப்பா அவள் காலைப் பார்த்தார். செருப்பு பழையது. அவளைப் பார்த்தார்.

"சரி," என்றார். "உனக்காக வேணும்னா மெதுவா வரேன்."

கதவுக்கு அந்தப் பக்கம் யாரை வைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. கோட்டுப் போட்ட நாலு பேரோ, ஒயரின் ஸ்பீக்கரோ, உங்கள் இஷ்டம். வாட்ஸப் குழுவில் மட்டும் கேட்டுவிடாதீர்கள். எதை வைத்தாலும் கொஞ்சம் நீளமாக வையுங்கள், அவர்கள் கிளம்பிவிட்டார்கள்.