தாடையில் ஒரு நிக்

ஆந்திராவுக்கும் மெட்ராஸுக்கும் நடுவே எல்லைக் கோட்டை எங்கே போடுவது என்று சர்க்கார் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த வருஷம், சித்தூரில் எங்கள் தெருவுக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. எதிர்வீட்டுச் சம்பத்துக்குப் பெண் அமையவில்லை. மூன்று இடம் தட்டிப் போய்விட்டது. ஆள் லட்சணம்தான். ஹைஸ்கூலில் இங்கிலீஷ் வாத்தியார். ஆனால் பெண் வீட்டில் உட்கார்ந்ததும் ஏதாவது ஒரு இங்கிலீஷ் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு பாடம் நடத்திவிடுவான்.

"அங்க போயி வாத்தியார் வேலைய காட்டாதே" என்று, நாலாவது பெண்ணைப் பார்க்கத் திருப்பதி பஸ்ஸில் ஏறும்போதே அவன் அம்மா தாட்சாயணி சொல்லிவிட்டாள். துணைக்கு என்று நானும் ஏறிக்கொண்டேன். துணை வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, அது வேறு விஷயம்.

சம்பத் காலையில் அவசரமாகச் சவரம் செய்து தாடையில் வெட்டிக்கொண்டிருந்தான். பெண் வீட்டில் பஜ்ஜியைக் கடித்ததும் காயம் மறுபடி கசிந்தது.

"இன்னா தம்பி, ரத்தம்?" என்றார் பெண்ணின் அப்பா கோவர்த்தனன்.

"ஒண்ணுமில்லீங்க. சின்ன நிக்."

"அப்படின்னா?"

கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டார்.

"சின்ன வெட்டுக்கு இங்கிலீஷ்ல நிக்னு பேருங்க. கரெக்டான நேரத்துல வந்தாலும் 'நிக் ஆஃப் டைம்'னு அந்த வார்த்தைதான். அந்தக் காலத்துல கோல்ல வெட்டுப் போட்டுக் கணக்கு வச்சிக்கினு இருந்தாங்க, அதனாலன்னு சில பேர் சொல்றாங்க. பேச்சு வழக்குல திருடறதும் நிக், ஜெயிலும் நிக். ஓல்டு நிக்னா சைத்தான்."

தாட்சாயணி அவன் தொடையைக் கிள்ளியதை நான் பார்த்தேன்.

"நல்ல காரியம் பேச வந்த எடத்துல திருட்டு, ஜெயிலு, பேயி. நல்லாத்தான் கீது" என்றாள் பெண்ணின் அத்தை.

கோவர்த்தனன் தொண்டையைக் கனைத்தார். "எல்லை மாறுச்சுன்னா தம்பிக்கு வேலை இங்கியா, மெட்ராஸ் பக்கமா?" என்று பேச்சைத் திருப்பினார். நாலாவது இடமும் போயிற்று என்று அந்தக் குரலே சொல்லியது. தெருவில் போய் இதை எப்படித் தொடங்கிச் சொல்வது என்று நான் யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அப்போதுதான் பெண் அலர்மேல்மங்கை ஒரு தட்டில் படிகாரத்துண்டு கொண்டுவந்து சம்பத்தின் முன்னால் வைத்தாள்.

"இத்த தேய்ங்க. ரத்தம் நின்னுடும்."

தேய்த்தான். எரிச்சலில் கண் கலங்கிற்று. அவள் கதவோரம் நின்று கேட்டாள்: "அந்த வார்த்தை மொதல்ல எங்கேந்து வந்துச்சு?"

சம்பத் கொஞ்சம் யோசித்தான்.

"தெரியலீங்க. பெரிய அகராதியிலயே சரியா தெரியலைன்னுதான் போட்டுக்கீது."

தாட்சாயணி கண்ணை மூடிக்கொண்டாள். மங்கை உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் குரல் மட்டும் வந்தது.

"நைனா, எனக்கு சம்மதம்."

"எத்தப் பாத்துடீ?" என்றாள் அத்தை.

"தெரியாதத தெரியாதுன்னு சொல்றாரே. முன்ன என்னப் பாக்க வந்தவரு எல்லைக் கோடு எந்த வயல் வழியா போவும்னுகூட சொல்லிட்டுப் போனாரு."

கோவர்த்தனன் சிரித்தேவிட்டார். "அப்போ தை மாசம் வச்சிக்கலாமா, தம்பி?"

சம்பத் படிகாரத்தைத் தாடையில் அழுத்தியபடி தலையை மட்டும் ஆட்டினான்.