நாற்பத்தேழாம் எண்

2004 ஐப்பசியிலிருந்து சனிக்கிழமைதோறும் மதியம் மூன்றரை மணிக்கு வீரராகவன் தன் இஷ்டத்துக்கு நடப்பதில்லை. ஜெர்மனியில் ஒருவர் பொம்மை ரயிலை ஓட்ட ஆரம்பித்தால், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இவர் தன் கம்பெனி ஷெட்டைச் சுற்ற ஆரம்பித்துவிடுவார். அங்கே வேகம் கூட்டினால் ஓடுவார், பின்னால் எடுத்தால் பின்னாலேயே வருவார். அங்கே ஹாரன் அடித்தால் இவர் வாயிலிருந்து வரும். அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவைக்கும் கோடையில் மட்டும் இரண்டரை மணிக்கு.

அந்த ஷெட்டில் செய்தது டிகோடர். விரல்நகம் அளவுப் பலகை. பொம்மை எஞ்சினின் வயிற்றில் உட்கார்ந்து, தண்டவாளத்தில் வரும் கட்டளைகளில் தன் எண்ணுக்கானதை மட்டும் கேட்டு எஞ்சினை ஓட்டும். அதற்கான புரோகிராமை அங்கே வேலை பார்த்த பழவேற்காட்டு ரமீஸா இரண்டு வருஷம் கண் எரிய எழுதினாள். அட்டைப்பெட்டி அச்சாகி வந்தபோது 'வடிவமைப்பு: வீரராகவன்' என்றிருந்தது. அந்த மனுஷனுக்குச் சால்டரிங் அயர்ன் எந்தப் பக்கம் சுடும் என்றுகூடத் தெரியாது.

எண் பதிக்கும் தண்டவாளத்தில் ஒரே ஒரு எஞ்சின்தான் நிற்க வேண்டும். எத்தனை நின்றாலும் அத்தனையும் அதே எண்ணை வாங்கிக்கொள்ளும். டீ கொண்டு வருகிறவருக்கே தெரிந்த விஷயம் இது. ரமீஸா பெட்டியைக் காட்டி நியாயம் கேட்டபோது முதலாளி அந்தத் தண்டவாளத்தில் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றிக்கொண்டுதான் கத்தினார்.

"சம்பளம் குடுக்கறவன் பேருதான் வரும். புடிக்கலன்னா போய்க்கினே இரு."

கையை எடுங்கள் என்று அவள் சொல்லவில்லை. நாற்பத்தேழு என்று பதித்தாள். எஞ்சினும் வாங்கிக்கொண்டது, அவரும் வாங்கிக்கொண்டார். எஞ்சின் மறுவாரமே ஜெர்மனிக்குக் கப்பலேறிவிட்டது.

ஆஸ்பத்திரி பார்த்தார், மந்திரித்துக்கொண்டார், மின்கம்பத்தில் கட்டிப் போடச் சொன்னார். கயிறுதான் அறுந்தது. எண்ணை அழிப்பது அரை நிமிஷ வேலை, அது ரமீஸாவுக்கு மட்டுமே தெரியும். நிற்க முடியாதவரோடு சுற்றுக்கு ஒரு வாக்கியமாகத்தான் பேச முடிந்தது.

"டப்பாவுல என் பேரப் போடுங்க சார், அழிச்சி உட்றேன்."

அடுத்த சுற்றில் அவர், "செத்தாலும் போட மாட்டேன்."

அதற்கடுத்த சுற்றில் அவள், "அப்ப நடங்க."

ஐந்து வருஷம் இதே பேச்சு. வேறு ஆளில்லாததால் அவர் அவளைத் துரத்தவில்லை. தான் எழுதியதை அவரிடம் விட்டுப்போக வயிறெரிந்து அவளும் போகவில்லை. இருவரும் ஒருவரையொருவர் மனசாரச் சபித்துக்கொண்டு ஏற்றுமதி செய்தார்கள்.

2009இல் ஜெர்மனியில் அந்த எஞ்சினை ஓட்டுகிறவரிடமிருந்து வீரராகவன் பெயருக்குக் கடிதம் வந்தது. சனிக்கிழமை ரமீஸா வாசலில் நின்று, அவர் கடந்துபோகும்போதெல்லாம் ஒரு வரி படித்தாள். நாற்பத்தேழாம் எண் எஞ்சின் ஒருமுறைகூட மக்கர் செய்ததில்லையாம். வடிவமைத்த வீரராகவனுக்கு நன்றியாம். அடுத்த மாதம் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறாராம், இனி தினமும் ஓட்டுவாராம்.

"இப்பவாச்சும் போடறீங்களா?" என்று கேட்டாள்.

அவர் ஓடுகிற ஓட்டத்தில் கடிதத்தைப் பிடுங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மூச்சிரைக்க, "எம் பேரத்தான எழுதிக்கிறான்" என்றார்.

அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை, மணி மூன்றரை ஆகும் முன்பே ஆட்கள் சைக்கிள்களை நகர்த்தி அவருக்கு வழி விட்டிருந்தார்கள்.